வடை மடித்த சர்க்கார் காகிதம்

வேல்சாமியிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால்கூட, இதை ஏன் இவன் கேட்கிறான் என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அப்படி ஒரு பிறவி. திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் கோமதிநாயகம் பிள்ளையின் காப்பிக் கிளப்பில் பதினெட்டு வருஷமாகத் தோசை மாஸ்டர். கல்லில் மாவு ஊற்றுகிற கை தாராளமான கை; வாய் மட்டும் திறக்காது. எழுபத்தொன்றில் ஜனத்தொகை எடுக்க வந்த டீச்சரம்மாவிடம் வயதில் நாலைக் குறைத்துச் சொன்னார். ரேஷன் கார்டு எழுத வந்தவர் அப்பா பெயரைக் கேட்டதற்கு, "அவரு செத்து ரொம்ப நாளாச்சு, அவரு பேரு எதுக்கு ஒமக்கு?" என்று திருப்பிக் கேட்டார். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்று முதலாளியே ஒரு நாள் ஜாடையாகச் சொன்னார். கனம் இருக்கத்தான் செய்தது. அது என்னவென்று ஒருவருக்கும் தெரியாது.

அறுபத்தொன்பதாம் வருஷம் ஒரு காலை வடைச் சட்டியிலிருந்து எண்ணெய் தெறித்து அவருடைய இடது தோளுக்குக் கீழே விழுந்தது. பக்கத்தில் நின்றவன் பதறினான். வேல்சாமிக்கு ஒன்றும் தெரியவில்லை. தோல் பொங்கி நிற்கிறது, வலி இல்லை. அந்த இடத்தில் ஆறேழு மாதமாக வெளிறிய வட்டம் ஒன்று இருந்தது. தேமல் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நினைக்க முடியவில்லை. குஷ்டம், பெருவியாதி என்று பெயர் விழுந்தவனுக்கு ஊரில் தண்ணீர் எப்படி ஊற்றுவார்கள், சொந்தப் பிள்ளைகள் எப்படி ஒதுங்குவார்கள் என்று பார்த்தவர் அவர். அதிலும் பத்துப் பேர் வாயில் போகிற பண்டத்தைத் தொடுகிற வேலை. வெளியே தெரிந்தால் அன்றைக்கே வீதிதான்.

இரண்டு வாரம் குமைந்துவிட்டு, ஊரில் யாருக்கோ காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு வாங்கி, ஒரு சர்க்கார் தோல் ஆஸ்பத்திரிக்குப் போனார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டாம். சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை. அங்கே கண்ணாடி போட்ட சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர், அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார். அதில் துணியில்லாத ஒரு மனுஷ உருவம், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கோட்டில் வரைந்த பொம்மை. எங்கே படை இருக்கிறதோ அங்கே பொம்மைமேல் பேனாவால் கட்டம் போடுவார்கள்.

"பயப்படண்டா, கேட்டோ," என்றார் இன்ஸ்பெக்டர். "இது சர்க்காரின்றெ ரகசியமாக்கும். இந்த அலமாரி விட்டுப் புறத்துப் போகில்ல. பேரு எந்தா?"

வேல்சாமி அலமாரியைப் பார்த்தார். அலமாரியாம், ரகசியமாம். அலமாரிக்குச் சாவி ஒன்று உண்டு, சாவிக்கு ஒரு பியூன் உண்டு, பியூனுக்கு ஒரு வாய் உண்டு. பெயரைக் கொடுப்பது குடுமியைக் கொடுப்பது மாதிரி. இப்படி ஓடிக்கொண்டிருந்த மனசில் வேறு எந்தப் பெயரும் கிடைக்கவில்லை. தினமும் விடியற்காலையிலிருந்து "சொரிமுத்து, மாவு கொண்டா. சொரிமுத்து, தண்ணி" என்று நாற்பது தரம் கூப்பிட்ட வாய் அது.

"சொரிமுத்து," என்றார்.

ஒரு பொய் வந்துவிட்டால் அதன் தம்பி தங்கைகள் தாமாக வந்து சேரும். வேலை எங்கே? கோமதிநாயகம் பிள்ளை காப்பிக் கிளப். சொந்த ஊர்? அம்பாசமுத்திரம் பக்கம் சொரிமுத்துவின் ஊர் பெயர் வந்தது. வேல்சாமியின் ஊரிலிருந்து இரண்டு மைல்தான். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் மலையாளத்தில் எழுதிக்கொண்டு, முன்பக்கப் பொம்மையின் இடது தோளுக்குக் கீழே கட்டம் போட்டார்.

சொரிமுத்து யார் என்று சொல்லிவிட வேண்டும். கிளப்பில் மாவாட்டுகிறவர், அப்போது அவருக்கு இருபத்துமூன்று வயது, வேல்சாமிக்கு முப்பது. சூது தெரியாத மனுஷன். யார் என்ன சொன்னாலும் நம்புவார், அதிலும் அச்சில் இருந்தால் தலையில் வைத்துக்கொள்வார். வேல்சாமியை வாய் நிறைய அண்ணாச்சி என்று கூப்பிடுவார்.

அண்ணாச்சி அவர் பெயரில் ஐந்து வருஷம் மாத்திரை தின்றார். மாதம் ஒரு நாள், வெவ்வேறு பொய், ஒரே வெள்ளை மாத்திரை. பழனிக்கு மாலை போட்டிருக்கிறேன் என்று சொல்லித் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துக்கொண்டார். ஊரில் மனைவி நாச்சியார் ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொண்டு இருந்தாள். வருஷத்துக்கு ஒரு தரம் போவார். போனால் குழந்தையைத் தூக்கமாட்டார். கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கொள்வார். திருவனந்தபுரத்தில் இவருக்கு இன்னொருத்தி இருக்கிறாள் என்று நாச்சியார் முடிவு கட்டிவிட்டாள். அதை அவர் மறுக்கவும் இல்லை. இன்னொருத்தி இருக்கிறாள் என்று நினைத்தால் அழுதுவிட்டுப் போவாள், நோய் என்று தெரிந்தால் பிள்ளையோடு எங்கே போவாள் என்று கணக்குப் போட்டார். எழுபத்துநாலில் நோய் போய்விட்டது. "இனி வரண்டா, சொரிமுத்து," என்று இன்ஸ்பெக்டர் சிரித்துக் கைகூப்பினார். தோளில் ஒரு உணர்ச்சியற்ற வட்டம் மட்டும் மிச்சம். அன்று தெருவில் நடந்தபோது வேல்சாமிக்கு வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது. சர்க்காரைச் சரியாக ஏமாற்றிவிட்டோம் என்ற சந்தோஷமும் கொஞ்சம் இருந்தது.

ஏமாந்தது யார் என்று தெரிய ஏழு வருஷம் ஆனது.

எண்பத்தொன்றில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலைக் கூட்டம் ஓய்ந்த நேரம். தினமும் சாயங்காலம் பிள்ளைகளுக்கு வடை வாங்கிப் போகிற ஸ்கூல் வாத்தியார் ஒருவர் கல்லாவுக்கு வந்து, மடித்த காகிதம் ஒன்றைக் கோமதிநாயகம் பிள்ளையிடம் கொடுத்தார். நேற்று வடை மடித்துக் கொடுத்த காகிதம். வீட்டில் சின்னவள் அதிலிருந்த பொம்மையைக் காட்டி இது யாரப்பா என்று கேட்டாளாம். அப்புறம்தான் அவர் எழுத்தைப் படித்தாராம்.

"சத்தம் போட வேண்டாம்னு நேரே உங்ககிட்ட வந்தேன், பிள்ளைவாள்," என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் தாழ்ந்த குரலில் சொன்னது, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குச் சொல்கிற குரல். சமையல்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

கோமதிநாயகம் பிள்ளை காகிதத்தை இரண்டு பக்கமும் பார்த்தார். அவருக்கு மலையாளம் படிக்க வரும். பார்த்துவிட்டு உள்ளே வந்தார். "ஏல சொரிமுத்து, சட்டையக் கழத்து," என்றார்.

சொரிமுத்து கழற்றினார். இடது தோளுக்குக் கீழே ஒரு வெளிறிய தழும்பு இருந்தது. எப்போதோ வெந்நீர் கொட்டியது. ஹோட்டல் சமையல்கட்டில் நிற்கிறவன் உடம்பில் எங்கே தேடினாலும் அப்படி நாலு கிடைக்கும். ஆனால் பொம்மையிலும் அங்கேதான் கட்டம் இருந்தது. பெயர் அதே, ஊர் அதே, வேலை செய்கிற இடம் அதே. பிள்ளைவாளுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்.

"இத்தன வருசமா மாவுல கைய வச்சிருக்கியே, பாவி," என்றார். அடிக்கவில்லை, ஏசவில்லை. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலைக் காட்டினார்.

வேல்சாமி தோசைக்கல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். கல்லில் ஒரு தோசை கருகிக்கொண்டிருந்தது. மேஜைமேல் கிடந்த காகிதத்தை எட்டிப் பார்த்தார். மலையாளம் பேசுவார், படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பொம்மையைப் படிக்க எழுத்து எதற்கு? வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் கருகிய தோசையைச் சுரண்டி எடுத்துக் கூடையில் போட்டார்.

அன்று பகல் முழுக்க அவருடைய சந்தேகம் ஒவ்வொருவர்மேலாகப் போய் உட்கார்ந்தது. வாத்தியார்மேல். முதலாளிமேல்: சொரிமுத்துவை வெளியே தள்ளிவிட்டு உறவுக்காரன் எவனையாவது வைக்கப் பார்க்கிறாரோ. ஆஸ்பத்திரி பியூன்மேல். எல்லாம் தெரிந்த எவனோ ஒருவன், வேல்சாமியின் வாயைத் திறக்க வைக்கத்தான் இந்தக் காகிதத்தை இங்கே போட்டிருக்கிறான் என்றுகூட நினைத்தார். அப்புறம்தான் கல்லாவுக்கு அடியில் கட்டிவைத்திருந்த பொட்டலக் காகிதக் கட்டு கண்ணில் பட்டது. குனிந்து புரட்டினார். பொம்மை. அடுத்ததும் பொம்மை. மூன்று நாளாக இந்தக் கிளப் ஊருக்கே அதில் வடை மடித்துக் கொடுத்திருக்கிறது.

காகிதம் வந்தது ஆரியசாலையில் வன்னியபெருமாள் கடையிலிருந்து. பழைய பேப்பர் மொத்த வியாபாரம். கடை நிறைய சர்க்கார் காகிதம் கூரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது: பென்ஷன் ரிஜிஸ்தர், ரேஷன் லெட்ஜர், ஸ்கூல் ஹாஜர் புஸ்தகம். வேல்சாமி பொம்மைத் தாளைக் காட்டினார்.

"இதுவா? ஏலத்துல எடுத்தது," என்றார் வன்னியபெருமாள். "அஞ்சு வருசம் கழிஞ்சா ஆபீஸ்காரன் எடை போட்டு வித்துருவான். அலமாரி ஒழியணும்லா. இது நல்ல கெட்டித் தாள், வே. எண்ணெ தாங்கும். மிச்சர்க் கடைக்காரன் பாதிய அள்ளிட்டுப் போயிட்டான். சங்குமுகம் கடக்கரையில கடல விக்கிறவனுக்குக் கொஞ்சம் போச்சு."

"மிச்சம் இருக்கத எனக்குக் குடும்."

"எதுக்கு ஒமக்கு? ஒம்ம மொதலாளிதான கேக்கணும்?" வன்னியபெருமாளின் கண் சுருங்கியது. "அதுல என்னவே இருக்கு?"

சந்தேகப்பட்டே பிழைத்த மனுஷன்மேல் இப்போது அடுத்தவன் சந்தேகப்பட்டான். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, கடையின் பின்பக்கம் குந்தி உட்கார்ந்து பொம்மைத் தாள்களைத் தனியே பிரித்தார். ஒரு பொம்மைக்கு முகத்தில் கட்டம். ஒரு பொம்மைக்கு இரண்டு உள்ளங்கால். ஒன்று சின்ன உருவம், குழந்தையாக இருக்க வேண்டும், முழங்கையில் கட்டம். ஒவ்வொன்றுக்கும் மேலே அவரால் படிக்க முடியாத ஒரு பெயர், ஒரு வீட்டு நம்பர். இவர்கள் எல்லோரிடமும் அந்தக் கண்ணாடிக்காரர் ரகசியம் என்றுதானே சொல்லியிருப்பார்? இவர்கள் நம்பிச் சொந்தப் பெயரைச் சொன்னவர்கள். வேலியே பயிரை மேய்ந்தால்கூடப் பயிரோடு போகும். இது மேய்ந்ததைச் சந்தையில் கூறுபோட்டு விற்றிருக்கிறது. அள்ளிக்கொண்டு வந்து கிளப் விறகடுப்பில் ஒவ்வொன்றாகப் போட்டார். சொரிமுத்து பெயர் இருந்த தாளை மட்டும் போடவில்லை. முதலாளி குப்பையில் எறிந்திருந்த அதை எடுத்து மடித்து, ரூபாய் வைக்கிற பைக்குள் வைத்துக்கொண்டார்.

நாலு நாளில் செய்தி அம்பாசமுத்திரம் வரை போய்விட்டது. சாலையில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது. சொரிமுத்துவின் மனைவி மாடம்மாள் இங்கேதான் ஒரு லைன் வீட்டில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் வந்தான். தங்கையையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய்விட்டான். வீட்டுக்காரர் மாதம் முடிய இடத்தைக் காலி செய்யச் சொன்னார்.

வேல்சாமி பார்க்கப் போனபோது சொரிமுத்து வெறுந்தரையில் உட்கார்ந்து, ஊக்கை எடுத்துத் தன் கையில் குத்திக்கொண்டிருந்தார். முழங்கையிலிருந்து தோள் வரை சின்னச் சின்ன ரத்தப் பொட்டு.

"வலிக்குது அண்ணாச்சி," என்றார். "எல்லா எடத்துலயும் வலிக்கத்தான் செய்யிது. ஆனா இந்தத் தழும்புல கொஞ்சம் கொறவா வலிக்கிற மாதிரி இருக்கு. நான் ஆஸ்பத்திரிக்குப் போன ஞாபகமே இல்ல. ஒருவேள போயி மறந்திருப்பனோ?"

"கிறுக்கா. ஒனக்கு ஒண்ணும் இல்ல."

"சர்க்கார் எழுதி வச்சிருக்கானே, அண்ணாச்சி. ஊரு பேரோட. அவன் என்ன சும்மாவா எழுதுவான்?"

வேல்சாமியால் அங்கே இருக்க முடியவில்லை. ஒரு வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். தன்னைக் காட்டிக்கொள்ளாமல் அவனைக் காப்பாற்ற ஒரு வழி இல்லாமலா போகும் என்று மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

பழைய ஆட்கள் ஒருவரும் இல்லை. கண்ணாடி இன்ஸ்பெக்டர் பென்ஷனில் போய்விட்டார். அது முதலில் வேல்சாமிக்கு நிம்மதியாக இருந்தது. மேஜையில் தங்கையன் என்ற கிளார்க் இருந்தார், நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆள், தமிழ் நன்றாக வரும்.

"சொரிமுத்துன்னு ஒருத்தனுக்கு இந்த நோய் வந்ததே இல்லன்னு ஒரு கடுதாசி வேணும், சார்."

"நீங்க அவருக்கு யாரு?"

"கூட வேல செய்யுதவன்."

"பின்னே பற்றாது, தரமுடியாது," என்றார் தங்கையன். "நோயாளி காரியம் ஒண்ணும் நாங்க வெளி ஆளுக்குச் சொல்லமாட்டோம். ரகசியமாக்கும்."

வேல்சாமி பையிலிருந்த தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார். எண்ணெய் ஊறி அடுத்த பக்கத்துப் பொம்மை இந்தப் பக்கம் தெரிந்தது. நடுவில் வடையின் வட்டம்.

தங்கையன் அதைப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பினார். அப்புறம் கேட்டார்: "சர்க்கார் ரிக்கார்டு உங்க கையில எப்படி வந்தது? இது குற்றமாக்கும், தெரியுமோ?"

பதினெட்டு வருஷத்தில் வேல்சாமி சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அன்று போட்டார். "எங்கையில மட்டுமா வந்துச்சு? சாலையில ஒவ்வொருத்தன் கையிலயும் இருக்கு, போயிப் பாரும். கடல தின்னுட்டுக் கடக்கரையில போடுதான். நீரு வித்தீரு, நான் குற்றவாளியா? யாரக் கேட்டு வித்தீரு? அந்தப் பேரு ஒம்ம அப்பன் வீட்டுச் சொத்தா?"

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து டாக்டரம்மா வந்தார். கோட்டைக்குள்ளே அக்கிரஹாரத்துக்காரர், நடுத்தர வயது. வேல்சாமியை உட்காரச் சொல்லி, சொரிமுத்துவுக்கு நேர்ந்ததை முழுதும் கேட்டார். கிழித்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்ததா என்று தங்கையனிடம் விசாரித்தார். விதி இருந்தது, கிழிக்க ஆள் இல்லை, கிழித்த காகிதத்துக்கு ஏலக்காரர் பாதி விலைதான் கொடுப்பார். இவ்வளவும் தங்கையன் சுவரைப் பார்த்துச் சொன்னார். அந்தம்மாள் முகம் சிறுத்துவிட்டது.

"தப்புதான். நான் வரதுக்கு முன்னாடி நடந்ததுன்னு சொல்லித் தப்பிச்சுக்க மாட்டேன்," என்றார். "ஆனா ஒண்ணு கேளுங்கோ. தாளெல்லாம் போனாலும் பேர் வரிசைப் புஸ்தகம் ஒண்ணு இருக்கு. அதுல சொரிமுத்து, அஞ்சு வருஷம் சிகிச்சை, குணமாயிடுத்துன்னு இருக்கு. அவரை அழைச்சுண்டு வந்தா நான் பார்த்து, இப்போ நோய் இல்லை, குணமாயிடுத்துன்னு எழுதித் தரலாம். வந்ததே இல்லைன்னு எப்படி எழுதறது?"

குணமாகிவிட்டது. அந்தச் சீட்டை மாடம்மாளின் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினால் என்ன சொல்வான் என்று வேல்சாமிக்குத் தெரியும். இப்போது போய்விட்டது என்றால், முன்னால் இருந்தது என்றுதானே அர்த்தம்.

"அப்ப வேற வழியே இல்லையா, அம்மா?"

"புஸ்தகத்தைத் திருத்தணும்னா ஒரே வழிதான். அது வேற ஆள்னா, அந்த ஆள் வந்து, நான்தான்னு எழுதிக் கொடுக்கணும்." சொல்லிவிட்டு டாக்டரம்மா அவருடைய இடது தோளைப் பார்த்தார். அல்லது பார்த்ததாக வேல்சாமிக்குத் தோன்றியது. கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

இரண்டு நாள் தோசைக்கல் முன்னால் நின்று யோசித்தார். ஊரில் மகளுக்குப் பதின்மூன்று வயது. இப்போதுதான் அப்பா பக்கத்தில் வந்து உட்காருகிறாள். இன்னும் ஐந்தாறு வருஷத்தில் மாப்பிள்ளை பார்க்க வேண்டும். பெருவியாதிக்காரன் மகளை எவன் கட்டுவான். சொரிமுத்துவுக்கு மாதாமாதம் ஏதாவது கொடுத்துவிடலாம். வேறு ஊரில் வேலை பார்த்துக் கொடுக்கலாம். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணை மூடினால் அந்த ஊக்குதான் தெரிந்தது. தன் கையைத் தானே நம்பாமல் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தானே, அதற்கு எந்த ஊரில் வேலை வாங்கிக் கொடுப்பது?

மூன்றாம் நாள் மத்தியானம் சொரிமுத்துவிடம் போய்ச் சொல்லிவிட்டார். சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டி, சொரிமுத்துவின் ஊக்கை வாங்கித் தானே அந்த வட்டத்தில் ஆழக் குத்திக் காட்டினார். முகம் சுளிக்கவில்லை. சொரிமுத்து ஊக்கையும் தோளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு வருசம் எம்பேர்ல மாத்திர தின்னீராவே," என்றார் கடைசியில். அண்ணாச்சி என்கிற வார்த்தை போய்விட்டது. "எம்பொண்டாட்டி போகும்போது என்னத் தொடாம நாலடி தள்ளி நின்னா தெரியுமா? சின்னது ஓடி வந்து காலக் கட்டிக்கப் பாத்தப்போ வெடுக்குன்னு இழுத்துக்கிட்டா. அன்னைக்கு நீரு எங்கவே இருந்தீரு?"

"தோச சுட்டுக்கிட்டு இருந்தேன்," என்றார் வேல்சாமி. வேறு என்ன சொல்வது? உண்மை அதுதான்.

சொரிமுத்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு வெகுநேரம் அழுதார். அப்புறம் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, "நடவும்," என்றார்.

டாக்டரம்மா சொரிமுத்துவைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தடவித் தடவிப் பார்த்தார். தொட்ட இடமெல்லாம் சரியாகச் சொன்னார், தழும்பிலும் சொன்னார். வேல்சாமிக்கு அந்த வட்டத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. சர்க்காரிடம் இருந்த தாள்கள் போய்விட்டதால், ஒத்துப் பார்ப்பதற்கு அந்த வடைத் தாள்தான் மிச்சம். அம்மாள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பொம்மையின் கட்டத்தையும் வேல்சாமியின் தோளையும் அளந்து பார்த்தார். சரியாக இருந்தது. எண்ணெய்க் கறையோடு அதைக் குண்டூசி போட்டுப் புது ஃபயலில் குத்தினார்கள்.

தங்கையன் டைப்ரைட்டரில் நாலு கார்பன் வைத்து ஐந்து தாள் செருகினார். பெயர், அப்பா பெயர், வயது, சொந்த ஊர், வேலை பார்க்கும் இடம். இந்தத் தடவை வேல்சாமி ஒவ்வொன்றையும் உள்ளபடி சொன்னார். ஒன்று ஆஸ்பத்திரிக்கு, ஒன்று ஜில்லா ஆபீசுக்கு, ஒன்று நகரசபைக்கு, ஒன்று காப்பிக் கிளப் முதலாளிக்கு, ஒன்று சொரிமுத்துவுக்கு. நாளைக்குத் தோசைக்கல் முன்னால் வேறு ஒருவர் நிற்பார் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

"இங்கே ஒப்பு போடணும்," என்று தங்கையன் விரலால் காட்டினார்.

வேல்சாமி பேனாவை வாங்கிக்கொண்டார். "இத எங்க வைப்பீங்க, சார்?"

"ஃபயல்லதான்."

"அந்த ஃபயல் எத்தன வருசம் இருக்கும்?"

தங்கையன் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா மேஜையைப் பார்த்தார். "நான் இங்கே இருக்கிறவரைக்கும் வெளியில போகாது," என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் சர்க்கார் டாக்டர் ஒருவர் ஒரே ஆஸ்பத்திரியில் எத்தனை வருஷம் இருப்பார்? மூன்று, மிஞ்சிப் போனால் நாலு. வேல்சாமி ஐந்து தாளிலும் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து இருவரும் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். சொரிமுத்து தன்னுடைய தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டே நடந்தார். தென்காசி பஸ் புறப்பட நின்றுகொண்டிருந்தது.

"நான் இந்த பஸ்சுலயே ஊருக்குப் போறேன்," என்றார் சொரிமுத்து. "மச்சினன் படிக்கச் சொல்லிக் கேப்பான். நாலு பேரக் கூட்டி வச்சுத்தான் கேப்பான். அதுல ஒம்ம பேரு, ஊரு எல்லாம் இருக்கு."

"இருக்கட்டும். படிக்காம எப்படி நம்புவான்."

சொரிமுத்து பஸ்ஸையும் அவரையும் பார்த்தார். "மதினிக்குத் தெரியுமா, அண்ணாச்சி?"

"தெரியாது." வேல்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் படியில் காலை வைத்தார். "இதுல நான் போறேன், சொரிமுத்து. நீ ஒரு பஸ் விட்டு வா."